பெரிய கம்பனியின் ஒப்பந்தமும் சின்னக் கையின் சேமிப்பும்

2021 ஜனவரியில் எமது தீவைப் பற்றி ஒரு செய்தி வந்தது. நெடுந்தீவு, அனலைதீவு, நயினாதீவு ஆகிய மூன்று தீவுகளிலும் காற்றையும் சூரிய ஒளியையும் கொண்டு மின்சாரம் உற்பத்தி செய்யும் வேலையைச் சீனாவின் சைனோசோர் – ஈடெக்வின் என்ற கூட்டு நிறுவனத்துக்கு வழங்க அமைச்சரவை அனுமதி அளித்தது. இந்தியா ஆட்சேபம் தெரிவித்தது. மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கரிசனை காரணமாகத் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாக அதே ஆண்டு டிசெம்பரில் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் அதே வேலையை இந்திய உதவியுடன் செய்வதற்குப் புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தானது. 2024 மார்ச் 1 ஆம் திகதி பெங்களூரைச் சேர்ந்த யூ சோலார் என்ற நிறுவனத்துடன் ஒப்பந்தம் எழுதப்பட்டது. இதற்கான இந்திய நன்கொடை சுமார் 11 மில்லியன் டொலர்.

மூன்று வருடங்கள், நான்கு செய்திகள், ஒரே வேலை. பத்திரிகையில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு சொல் இருந்தது: அனுமதி, இடைநிறுத்தம், புரிந்துணர்வு உடன்படிக்கை, ஒப்பந்தம். இறங்குதுறையில் அது வாய்க்கு வாய் மாறும்போது "புதுக் கரண்ட் வருதாம்" என்ற ஒரே பேச்சாகி விடுகிறது. முதற் செய்தியை நம்பி ஒரு பெண் மீன் வைக்கும் குளிர்ப்பெட்டியை லீசிங்கில் எடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? தவணை அடுத்த மாதமே தொடங்கியிருக்கும். மின்சாரத்துக்கான ஒப்பந்தம் எழுதப்படவே மூன்று வருடம் சென்றிருக்கும்.

கம்பனிகள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களைப் பற்றிய செய்தியைப் பிழையாக வாசிப்பது எம்மைப் போன்றவர்களின் பழக்கம் மட்டும் அல்ல. நியூயோர்க்கிலும் மும்பையிலும் படித்த முதலீட்டாளர்களே இதே தவறைச் செய்து பெருந்தொகைப் பணத்தை இழந்திருக்கிறார்கள். அவர்கள் எங்கே தவறினார்கள் என்று தெரிந்துகொண்டால், எமது கையிலுள்ள சிறு சேமிப்பை நாம் காத்துக்கொள்ளலாம்.

பங்குச் சந்தையும் நாங்களும்

"பங்குச் சந்தைக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் கேட்கக்கூடும். இன்று தொடர்பு இருக்கிறது. கனடாவிலோ பிரான்சிலோ இருக்கும் தம்பி "வங்கியில் போட்டு என்னக்கா வட்டி, இந்தக் கம்பனிப் பங்கை வாங்குங்கோ" என்கிறார். கைத்தொலைபேசியில் இதே பேச்சு விளம்பரமாக வருகிறது. இழப்பீட்டுப் பணம், வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பிய காசு, சீட்டு எடுத்த காசு, காணி விற்ற காசு என்று ஏதோ ஒரு தொகை கையில் இருக்கும் பெண்ணை இந்தப் பேச்சு விரைவில் தேடி வந்துவிடும். வீட்டில் ஆண் துணை இல்லாதவளென்றால் இன்னும் விரைவாக வரும்.

பங்கு என்பது ஒரு கம்பனியின் உடைமையில் ஒரு சிறு துண்டு. கம்பனிக்கு நல்ல காலம் வரும் என்று பலர் நம்பினால் பலரும் வாங்குவார்கள், விலை ஏறும். நம்பிக்கை உடைந்தால் எல்லோரும் விற்பார்கள், விலை விழும். இங்கே விலை போவது பெரும்பாலும் நாளைய வருமானத்தைப் பற்றிய எதிர்பார்ப்பு. அதனாற்றான் செய்திக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. போர் முடிந்த 2009 இல் கொழும்புப் பங்குச் சந்தையின் சுட்டெண் ஒரே ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேலாகியது. அடுத்த ஆண்டும் ஏறக்குறைய இரண்டு மடங்காகியது. நாட்டில் தொழிற்சாலைகளும் வருமானமும் அந்த வேகத்தில் பெருகவில்லை. பெருகியது எதிர்பார்ப்பு. 2011 இல் சுட்டெண் இறங்கியது.

பெரிய தொழில்நுட்பக் கம்பனிகள் தமது பொருளின் எல்லாப் பாகங்களையும் தாமே செய்வதில்லை. ஒரு கைத்தொலைபேசியின் கண்ணாடி ஓரிடத்திலிருந்து வரும், மின்கலம் இன்னோரிடத்திலிருந்து வரும், பொருத்துவது வேறோர் இடத்தில் நடக்கும். அப்படிப் பாகம் கொடுப்பவர்களை வழங்குநர்கள் என்கிறோம். "இந்தச் சிறிய கம்பனி அந்தப் பெரிய கம்பனிக்குப் பாகம் வழங்கப் போகிறது" என்று செய்தி வந்தால், சிறிய கம்பனியின் பங்கை வாங்க ஓடுகிறார்கள். தவறு பெரும்பாலும் இந்த ஓட்டத்தில்தான் தொடங்குகிறது.

நீலக்கல் கண்ணாடியின் கதை

நீலக்கல் என்றால் எமக்கு இரத்தினபுரி நினைவுக்கு வரும். அதே கல்லை நிறமில்லாமல், உலையில் உருக்கிச் செயற்கையாகவும் வளர்க்கலாம். அது மிகக் கடினமானது, எளிதில் கீறல் விழாது. அந்த உலைகளைச் செய்து விற்றுவந்த அமெரிக்கக் கம்பனி ஜி.ரி. அட்வான்ஸ்ட் டெக்னோலஜிஸ்.

2013 நவம்பர் 4 ஆம் திகதி இந்தக் கம்பனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஐபோன் செய்யும் அப்பிள் நிறுவனத்துக்கு நீலக்கல் வழங்கப் பல ஆண்டு ஒப்பந்தம். அரிசோனா மாநிலத்தின் மெசா நகரில் அப்பிளுக்குச் சொந்தமான கட்டிடத்தில் வேலை நடக்கும். அப்பிள் சுமார் 578 மில்லியன் டொலர் முற்பணமாகத் தரும். செய்தி வந்ததும் பங்கு விலை பாய்ந்தது. அதற்குமுன் 8 டொலரளவில் இருந்த பங்கு 2014 ஜூலையில் 20 டொலரளவை எட்டியது. அடுத்து வரும் ஐபோனின் முகப்புக் கண்ணாடி நீலக்கல்லாகத்தான் இருக்கும் என்று சந்தை முழுவதும் பேசிக்கொண்டது.

2014 செப்டெம்பர் 9 ஆம் திகதி புதிய ஐபோன் அறிமுகமானது. அதன் முகப்பில் நீலக்கல் இருக்கவில்லை. ஒக்டோபர் 6 ஆம் திகதி ஜி.ரி. கம்பனி வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. 11 டொலரளவில் நின்ற பங்கு அன்றைக்கே ஒரு டொலருக்குக் கீழே போனது. அந்தப் பங்கில் ஒரு இலட்சம் ரூபா போட்டிருந்தவருக்கு அன்று மாலை பத்தாயிரம் ரூபாவும் மிஞ்சியிருக்காது. மெசாவில் வேலை செய்த சுமார் 700 பேரும் வேலை இழந்தார்கள்.

முதலீட்டாளர்களிடம் யாரும் எதையும் சொல்லவில்லையா? ஒரு பகுதியைச் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் அறிவிப்பிலேயே மூன்று விடயங்கள் இருந்தன. ஒன்று, முற்பணத்தை 2015 இலிருந்து ஐந்து ஆண்டுகளில் ஜி.ரி. கம்பனி அப்பிளுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும். இரண்டு, ஜி.ரி. கம்பனி சில கட்டுப்பாடுகளுடன் அப்பிளுக்காகவே உற்பத்தி செய்யவேண்டும். மூன்று, இவ்வளவு தொகை வாங்கியே தீருவோம் என்று உத்தரவாதம் எதுவும் கிடையாது, ஆனால் குறிப்பிட்ட அளவு உற்பத்தி செய்யும் வசதியை ஜி.ரி. எந்நேரமும் தயாராக வைத்திருக்கவேண்டும்.

இதை எமது தீவுப் பெண்களுக்குச் சொன்னால் விளக்கமே தேவைப்படாது. கடற்றொழிலுக்கு முதலாளி முற்பணம் கொடுக்கும் முறையை நாம் அறிவோம். வலையும் என்ஜினும் எடுத்துத் தருவார். அந்தக் காசு எமது கணக்கில் கடனாக ஏறும். பிடிபட்ட நண்டை அவருக்கே கொடுக்கவேண்டும். விலை அவர் சொல்லும் விலை. "இண்டைக்கு நண்டு வேண்டாம், கம்பனி எடுக்கேல்லை" என்று அவர் சொன்னால் வேறு ஆளிடம் கொண்டுபோகவும் முடியாது. ஆனாலும் அடுத்த நாள் வலை கடலில் இருக்கவேண்டும். முற்பணம் வந்த வீட்டை "அதிர்ஷ்டக்கார வீடு" என்று இங்கே யாரும் சொல்வதில்லை. "கடன்பட்ட வீடு" என்றுதான் சொல்வோம்.

பங்குச் சந்தையில் இருந்தவர்கள் 578 மில்லியன் என்ற இலக்கத்தைக் கண்டார்கள். அது வருமானமென்று நினைத்தார்கள். அது கடன். கல் குறித்த தரத்தில், குறித்த நாளில் வளரவில்லை. ஆகவே கடைசித் தவணையான 139 மில்லியன் டொலரை அப்பிள் கொடுக்கவில்லை. வாங்கிய 439 மில்லியன் டொலர் கடனாக நின்றது. உலைகளை விற்று அதை அடைப்பதென்று அந்த ஒக்டோபர் மாதமே இணக்கம் காணப்பட்டது.

சொல்லாமல் மறைத்த பகுதியும் இருந்தது. அமெரிக்காவின் பங்குச் சந்தை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 2019 மே மாதம் இந்தக் கம்பனி மீதும் அதன் முன்னாள் தலைமை நிறைவேற்று அதிகாரி தோமஸ் குற்றியரெஸ் மீதும் குற்றஞ்சாட்டியது. நீலக்கல் வழங்கும் ஆற்றல் பற்றி முதலீட்டாளர்களைப் பிழையாக வழிநடத்தினார்கள் என்பதே குற்றச்சாட்டு. அவர் குற்றத்தை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. 140,000 டொலருக்கு மேல் செலுத்த உடன்பட்டார். பங்கு விழுந்து நாலரை வருடத்துக்குப் பின்னர் வந்த தீர்வு அது. பணத்தை இழந்தவருக்கு அதனால் என்ன ஆறுதல் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மாதர் சங்கக் கூட்டம் ஒன்றில் இந்தக் கதையைச் சொன்னபோது ஓர் அம்மா கேட்டார்: "தங்கச்சி, அந்தப் போன் கம்பனி பெரிசெல்லே? அது எப்பிடி விழும்?"

பக்கத்திலிருந்த இன்னொருவரே மறுமொழி சொன்னார்: "விழுந்தது போன் கம்பனி இல்லை அக்கா, அதுக்குக் கல்லுக் குடுத்த ஆள். பெரிய ஆள் நிண்டுட்டார்."

பெரிய பெயரைக் கேட்டவுடன் அதன் பலம் சிறிய கம்பனிக்கும் வந்துவிட்டதாக நாம் நினைத்துவிடுகிறோம். ஒப்பந்தத்தில் சேர்வது பெயர் மட்டும்தான். பலம் சேர்வதில்லை.

எந்தக் கம்பனி என்ற கேள்வி

இரண்டாவது கதை இந்தியாவில் நடந்தது. பொக்ஸ்கொன் என்பது தைவான் நாட்டுக் கம்பனி. அப்பிளுக்கு ஐபோன்களைப் பொருத்திக் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூரில் ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலை அதனுடையதே. வேதாந்தா என்பது தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையால் தமிழர்களுக்கு நன்கு தெரிந்த பெயர்.

2022 செப்டெம்பர் 13 ஆம் திகதி வேதாந்தாவும் பொக்ஸ்கொன்னும் சேர்ந்து குஜராத் மாநில அரசுடன் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. கணினிச் சில்லுகள் செய்யும் தொழிற்சாலைக்கு 154,000 கோடி இந்திய ரூபா முதலீடு என்றார்கள். பங்குச் சந்தையில் பதிவான வேதாந்தா லிமிட்டெட் கம்பனியின் பங்கைப் பலர் வாங்கினார்கள், விலை ஏறியது. ஓரிரு நாட்களில் அந்தக் கம்பனியே ஒரு விளக்கம் கொடுத்தது. சில்லுத் தொழிற்சாலையைச் செய்யப்போவது தான் அல்ல. தனக்கு மேலே உள்ள, பங்குச் சந்தையில் பதிவாகாத வொல்கன் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற தாய்க் கம்பனி என்றது. விலை இறங்கியது.

பெயர் ஒன்று, முதலாளி குடும்பம் ஒன்று, ஆனால் கம்பனி வேறு. அறிவிப்பு வெளியிட்ட விதத்தில் விதி மீறப்பட்டதென்று இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி, 2023 இல் வேதாந்தா லிமிட்டெட்டுக்கு 30 இலட்சம் ரூபா தண்டம் விதித்தது. 2023 ஜூலை 10 ஆம் திகதி பொக்ஸ்கொன் அந்தக் கூட்டு முயற்சியிலிருந்து விலகிக்கொண்டது. இரு தரப்பும் சேர்ந்து கட்டுவதாகச் சொன்ன அந்தத் தொழிற்சாலை எழவே இல்லை.

இதுவும் எமக்குப் புதிதல்ல. "பெரிய அண்ணர் பொறுப்பு" என்று தம்பி வந்து சொல்வதை நம்பிக் கடன் கொடுத்து, பிறகு பெரிய அண்ணரிடம் போனால் "நான் எப்ப சொன்னனான்?" என்று கேட்ட கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. கையெழுத்து வைத்தவர் யாரோ, அவரிடம் மட்டுமே எமக்கு உரித்து இருக்கிறது.

ஒரே செய்தி, இரண்டு வீடுகள்

மூன்றாவது கதையில் காசை இழந்தவர்களைவிட வேலையை இழந்தவர்கள் முக்கியமானவர்கள். அதுவும் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது.

நோக்கியா கம்பனி அங்கே 2006 இல் கைத்தொலைபேசி உற்பத்தியைத் தொடங்கியது. உச்ச காலத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை செய்தார்கள். பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். சுற்றிவரப் பாகம் வழங்கும் கம்பனிகள் வந்தன. பொக்ஸ்கொன்னும் அவற்றில் ஒன்று.

2013 செப்டெம்பர் 3 ஆம் திகதி நோக்கியாவின் கைத்தொலைபேசி வணிகத்தை மைக்ரோசொப்ட் வாங்கப்போவதாகச் செய்தி வந்தது. தொகை 5.44 பில்லியன் யூரோ. அன்றே நோக்கியாவின் பங்கு 30 வீதத்துக்கும் மேல் ஏறியது. பங்குக்காரர்களுக்கு அது நல்ல செய்தி. ஸ்ரீபெரும்புதூர்ப் பெண்களும் அதை நல்ல செய்தியாகவே கேட்டிருக்கக்கூடும். மைக்ரோசொப்ட் நோக்கியாவிலும் பெரிய பெயர் அல்லவா?

ஆனால் அந்தத் தொழிற்சாலை வரி வழக்கில் சிக்கியிருந்தது. 2014 ஏப்ரலில் வணிகம் கைமாறியபோது அந்தத் தொழிற்சாலை மைக்ரோசொப்டுக்குப் போகவில்லை. நோக்கியாவின் கையிலேயே நின்று, மைக்ரோசொப்டுக்கு ஒப்பந்தத்தில் தொலைபேசி செய்துகொடுக்கும் இடமாக மாறியது. நேற்றுவரை சொந்தத் தொழிற்சாலை, இன்று வெளி வழங்குநர். அந்த ஒப்பந்தத்தை மைக்ரோசொப்ட் முடித்துக்கொண்டதும் 2014 நவம்பர் 1 ஆம் திகதி உற்பத்தி நின்றது. பெரும்பாலானோர் அதற்கு முன்னரே சுயவிருப்ப ஓய்வுத் திட்டத்தில் வெளியேறியிருந்தார்கள். டிசெம்பரில் பொக்ஸ்கொன்னும் அங்கிருந்த தன் ஆலையை மூடியது. பின்னர் பொக்ஸ்கொன் ஐபோன் வேலையுடன் அந்தப் பகுதிக்குத் திரும்பி வந்ததென்றாலும், 2014 இல் வீடு சென்ற பெண்களின் வருடங்கள் திரும்பி வரவில்லை.

ஒரே வாங்குபவரை நம்பி இருப்பதன் ஆபத்து இங்கிலாந்திலும் தெரிந்தது. இமாஜினேஷன் டெக்னோலஜிஸ் என்ற கம்பனியின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி அப்பிளிடமிருந்து வந்தது. 2017 ஏப்ரல் 3 ஆம் திகதி, இரண்டு வருடத்துக்குள் அப்பிள் தனது தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதை நிறுத்தப்போகிறது என்று அந்தக் கம்பனி அறிவித்தது. அன்றைக்கே பங்கு 60 வீதத்துக்கும் மேல் விழுந்தது. "எங்களுடைய பெரிய வாடிக்கையாளர் அப்பிள்" என்ற பெருமையே அதன் மிகப் பெரிய பலவீனமாகவும் இருந்தது.

ஏன் பிழையாக வாசிக்கிறோம்?

இந்தக் கதைகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது சில காரணங்கள் தெரிகின்றன.

முதலாவது, தலைப்பை மட்டும் வாசிப்பது. தலைப்பில் பெரிய பெயரும் பெரிய தொகையும் இருக்கும். "உத்தரவாதம் இல்லை" என்ற வரி உள்ளே இருக்கும். ஜி.ரி. கம்பனியின் அறிவிப்பில் அந்த வரி இருந்தது. அதை வாசித்தவர்களும் அதற்கு உரிய நிறை கொடுக்கவில்லை.

இரண்டாவது, படிகளைத் தாண்டுவது. பேச்சுவார்த்தை, புரிந்துணர்வு, ஒப்பந்தம், ஓடர், பொருள் ஏற்றுக்கொள்ளப்படுதல், காசு கைக்கு வருதல் என்று இதில் பல படிகள். ஒவ்வொரு படியிலும் வேலை நின்றுபோகலாம். நாம் முதற்படியில் நின்றுகொண்டு கடைசிப் படியின் காசை எண்ணத் தொடங்குகிறோம்.

மூன்றாவது, செய்தி எம்மிடம் வந்து சேரும் நேரம். ஒரு நல்ல செய்தி நியூயோர்க்கிலும் கொழும்பிலும் கேட்கப்பட்டு, வாங்குகிறவர்கள் வாங்கி, விலை ஏறி முடிந்த பின்னரே எமது கைத்தொலைபேசிக்கு வருகிறது. அப்போது நாம் வாங்குவது ஏறிய விலைக்கு. முதலில் வாங்கியவர் எமக்குத்தான் விற்றுவிட்டுப் போகிறார்.

நான்காவது, எமது நிலைமை. எல்லாவற்றையும் இழந்து, பல தடவை இடம்பெயர்ந்து, பூச்சியத்திலிருந்து தொடங்கிய ஒருத்திக்கு, "ஒரு வருடத்தில் இரண்டு மடங்கு" என்ற சொல் சாதாரணச் சொல்லாகக் கேட்காது. இழந்ததை மீட்கும் வழியாகக் கேட்கும். அந்த ஏக்கத்தில் குற்றமில்லை. ஆனால் அந்த ஏக்கத்தை நன்றாக அறிந்தவர்களே எம்மிடம் வருகிறார்கள்.

இன்னுமொன்று, எமது சமூகத்தில் செய்தியை வாசித்து முடிவெடுப்பவர் ஒருவர், கையெழுத்து வைப்பவர் இன்னொருவர். அண்ணன் சொல்வார், மருமகன் சொல்வார், வெளிநாட்டுத் தம்பி சொல்வார். கடன் விண்ணப்பத்தில் கையெழுத்தும், அடகுக் கடையில் தாலிக்கொடியும் பெண்ணுடையவை. முடிவு பிழைத்தால் வாசலில் வந்து நிற்பவர்கள் கேட்பதும் அவளுடைய பெயரைத்தான். கையெழுத்து வைப்பவளுக்கு வாசித்து விளங்கிக்கொள்ளும் உரிமையும், "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையும் உண்டு.

எமது கரைக்கு வரும்போது

பங்கே வாங்காத பெண்களுக்கும் இது பொருந்தும். எமது கடலின் நீல நண்டு அமெரிக்கா வரை ஏற்றுமதியாகிறது. நண்டுக் கம்பனிகளில் சதை எடுக்கும் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. கடந்த சில வருடங்களில் யாழ்ப்பாண, கிளிநொச்சிக் கரைகளில் கடலட்டைப் பண்ணைகளும் பெருகின. பனையோலைப் பொருட்களுக்கும், தையலுக்கும், பாசி வளர்ப்புக்கும் "ஒரு கம்பனி வந்து எல்லாத்தையும் எடுக்குமாம்" என்ற செய்தி காலத்துக்குக் காலம் வருகிறது. அப்போது தையல் இயந்திரம், வேலி வலை, கம்பு, அட்டைக் குஞ்சு என்று கடன்பட்டு வாங்குகிறோம். நாம் பங்குச் சந்தைக்குப் போகாவிட்டாலும், அந்த நேரத்தில் நாமும் ஒரு வழங்குநர் ஒப்பந்தச் செய்தியை நம்பிக் காசு போடும் முதலீட்டாளர்களே.

இப்படியான செய்தி வந்தால், காசை எடுக்குமுன் கேட்கவேண்டிய கேள்விகள் இவை. வெட்டி எடுத்துச் சங்கக் கட்டிடத்தில் ஒட்டி வைக்கலாம்.

1. கையெழுத்து வைத்தவர் யார்? கம்பனியின் முழுப் பெயர் என்ன, பதிவு இலக்கம் என்ன? எமக்குச் சொன்னவரும் கையெழுத்து வைத்தவரும் ஒருவர்தானா?

2. இப்போது எந்தப் படியில் இருக்கிறது? பேச்சா, புரிந்துணர்வா, ஒப்பந்தமா, ஓடரா?

3. வாங்கியே தீரவேண்டும் என்று எழுத்தில் இருக்கிறதா? எவ்வளவு, என்ன விலைக்கு, எத்தனை நாளில் காசு?

4. முற்பணம் தந்தால் அது யாருடைய காசு? திருப்பிக் கொடுக்கவேண்டுமா? எப்போதிலிருந்து?

5. வேறு ஆளுக்கு விற்க எமக்கு உரிமை இருக்கிறதா?

6. பொருள் தரமில்லை என்று தீர்மானிப்பவர் யார்? திருப்பி அனுப்பினால் நட்டம் யாருக்கு?

7. வாங்குபவர் இந்த ஒருவர் மட்டும்தானா? நாளைக்கு அவர் நிறுத்தினால் கடன் தவணையை எதனால் கட்டுவோம்?

8. இந்தச் செய்தியைச் சொல்பவருக்கு, நாம் காசு போடுவதால் என்ன கிடைக்கும்?

எட்டுக் கேள்விகளுக்கும் நல்ல பதில் வரவேண்டும் என்றில்லை. எந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்று தெரிந்துகொண்டாலே பாதிப் பாதுகாப்பு வந்துவிடும். "இதையெல்லாம் கேட்டால் கம்பனிக்காரர் கோவிச்சுக்கொண்டு போயிடுவினம்" என்று யாராவது சொன்னால், அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். தனியே கேட்கப் பயமென்றால் சங்கமாகக் கேளுங்கள். பத்துப் பெண்கள் சேர்ந்து கேட்கும்போது பதிலை எழுத்தில் வாங்குவது இலகு.

பங்கே வாங்க விரும்புகிறவர்கள் அதை மறைவாகச் செய்யத் தேவையில்லை. கொழும்புப் பங்குச் சந்தைக்கு யாழ்ப்பாணத்தில் கிளை இருக்கிறது. முறையாகச் செய்தால் உங்கள் பெயரிலேயே மத்திய வைப்புத் தொகுதியில் கணக்கு திறக்கப்படும். அனுமதி பெற்ற தரகர் ஊடாகவே வாங்கல் விற்றல் நடக்கும். உங்கள் காசைத் தன் கணக்கில் போடச் சொல்லும் ஆளிடமும், ஆள் சேர்த்தால் தரகுப் பணம் என்று சொல்லும் ஆளிடமும் கொடுக்கவேண்டாம். ஆள் சேர்த்து நடத்தும் பிரமிட் திட்டங்கள் வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின்படி தடைசெய்யப்பட்டவை. தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பெயர்களை மத்திய வங்கி வெளியிட்டு வருகிறது. சந்தேகம் வந்தால் அந்தப் பட்டியலைப் பார்க்கலாம்.

எந்த நல்ல செய்தி வந்தாலும், நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ பங்கு வாங்காதீர்கள். விழுந்தாலும் பிள்ளையின் படிப்பும் அடுத்த மாத அரிசியும் நிற்காது என்ற அளவுக் காசை மட்டும் போடுங்கள். அதையும் ஒரே கம்பனியில் போடவேண்டாம். மிச்சம் வங்கியில் குறைந்த வட்டிக்கு இருந்தாலும் பரவாயில்லை.

சீட்டுக் கட்டும்போது எமது பெண்கள் எவ்வளவு கவனமாக இருக்கிறார்கள் என்பதைத் தீவகத்தில் வேலை செய்யும் நான் தினமும் பார்க்கிறேன். சீட்டுப் பிடிப்பவள் யார், அவளுடைய வீடு எது, முன்னர் யாருக்குக் கொடுத்தாள், கொடுக்காமல் விட்டாளா என்று நான்கு பேரிடம் விசாரித்த பிறகே முதல் ஆயிரம் ரூபாவைக் கொடுக்கிறார்கள். பெரிய கம்பனியின் பெயர் வந்ததும் அந்த விசாரணையை விட்டுவிடுகிறோம். நியூயோர்க்கில் இருந்தவர்களும் அதைத்தான் விட்டார்கள். சீட்டுக்கு விசாரிக்கும் அதே வாயால் கம்பனியையும் விசாரியுங்கள். ஒரு கிழமை பிந்தினால் ஓடிப்போகும் வாய்ப்பு என்றால், அது போகட்டும்.